வாசலில் ஒரு சேம்பிலை

ஜூன் 4, ஞாயிறு. மஸ்கட்.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வார்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன டைரி. அறைத்தோழி பிந்து சேச்சி, "எனிக்கு வேண்டா, நீ எழுது" என்று என் கட்டிலில் போட்டாள். பத்து வருடம் நர்ஸ் வேலை பார்த்த எனக்கு நாள் போடாமல் எதையும் எழுத வராது. எனவே நாள் போட்டாயிற்று. நோயாளி: விஜிலா. ஊர்: கருங்கல் பக்கம். நிலைமை: பரவாயில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதல் அழுகை வந்தது. ஊர் நினைப்பில் வந்த அழுகை இல்லை, தேன் கொட்டியதற்கு. மார்த்தாண்டம் தேன் ஒரு குப்பி கொண்டுபோ என்று என் கணவர் எட்வின் தானே கட்டி வைத்தார். ஒன்றும் ஆகாது என்று மூடியின் மேல் செலோடேப் வேறு. மீன் ஊறுகாய்க் குப்பி அசையவே இல்லை. தேன்தான் இரண்டு யூனிஃபார்மையும் மகள் ஆன்சியின் புத்தகத்தையும் நனைத்திருந்தது.

அது ஆன்சியின் புத்தகம் என்பதும் சரியில்லை. அதே புத்தகம் அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. 'பறந்த குடை' என்று அட்டையில் மட்டும்தான் எழுத்து. உள்ளே முழுக்கப் படம், ஒரு வரிகூட இல்லை. நாகர்கோவில் கடையில் ஒன்றுபோல இரண்டு கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுத்தே இல்லாததற்கு முழு விலையா என்று எட்வின் பஸ் ஏறும்வரை முனகினார். இந்த அறையில் நெட் மோசம், வீடியோ போட்டால் முகம் உறைந்து நின்றுவிடும் என்று சேச்சி முன்பே போனில் சொல்லியிருந்தாள். அதனால் குரல் மட்டும். நான் இங்கே போனில் விரலால் தட்டினால் அவள் அங்கே தாளைத் திருப்ப வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்துதான் முதன்முதலாகத் திறப்பது என்று நாலரை வயதுப் பிள்ளையிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டே துடைத்தேன் என்று சொல்ல முடியாது. பஞ்சை நனைத்துத் துடைத்து, ஒட்டிய தாள்களைப் பையப் பைய விடுவித்து, ஃபேனுக்கு அடியில் விரித்து வைத்தேன். படங்களை அதிகம் பார்க்காமல் இருந்துகொண்டேன். கடைசிப் பக்கமாக ஒரு தாள் மட்டும் தடிமனாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம், அப்படித்தான் கட்டியிருப்பார்கள்.

ஜூன் 6, செவ்வாய்.

முதல் வாசிப்பு. எனக்குச் சாயங்காலம், அவளுக்குத் தூங்கும் நேரம். அஜிதா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் சாய்த்து வைத்தாள். அஜிதா எட்வினின் தங்கை. எங்கள் பக்கத்தில் அப்பாவின் தங்கையை மாமி என்போம், அண்ணியை மைனி என்போம். ஆன்சிக்கு அவள் மாமி, அவளுக்கு நான் மைனி. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். நான் இல்லாத வீட்டில் ஆன்சியைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, சோறூட்டுவது அவள்தான்.

கதை இவ்வளவுதான். ஒரு சின்னப் பெண்ணின் சிவப்புக் குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகிறது. பஸ்ஸின் கூரையில் விழுகிறது, ஆட்டுத் தொழுவத்தில் மாட்டுகிறது, மீன் சந்தையில் ஒருத்தியின் கூடைக்கு மூடியாகிறது, கடைசியில் ஆற்றில் விழுந்து தவளைகளுக்கு ஓடமாகிவிடுகிறது. அந்தப் பெண் கரையில் மழையில் நிற்கிறாள். அடுத்த படத்தில் வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ குடிக்கிறாள். முடிந்தது.

எழுத்து இல்லாததால் இஷ்டத்துக்குச் சொல்லலாம். நான் ஆட்டுக்குக் குரல் கொடுத்தேன், மீன்காரிக்கு எங்கள் சந்தை மரியபுஷ்பத்தின் குரலைக் கொடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. கடைசிப் படத்துக்குத் தட்டியபோதுதான் ஒரு தகராறு.

"அம்மா, ஒரு பக்கம் விட்டுட்ட."

விடவில்லை மக்களே என்றேன். விட்டாய் என்றாள். எனக்கு அன்று பன்னிரண்டு மணிநேர டூட்டி. "அம்மா தட்டும்போ தட்டும்போ மட்டும் திருப்பு. அம்மா சொல்லுறதாக்கும் சரி" என்று கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. பிறகு "சரி" என்றாள்.

அந்தப் பெண் குழந்தை ஏன் நனையவில்லை என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன், நிஜம்தான். கடைசிப் படத்தில் தலைமுடி காய்ந்து கிடக்கிறது. வாசலில் பெரிய சேம்பிலை ஒன்று சாய்த்து வைத்திருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை. ஓவியருக்கு இலை வரைய ஆசை வந்திருக்கும். அவள் தைரியமான பிள்ளை, தனியாகவே ஓடி வந்துவிட்டாள், அவ்வளவு வேகமாக ஓடினதில் நனையவே இல்லை என்றேன். இலை? அது தவளை விட்டுவிட்டுப் போன குடை என்றேன். கேட்டுக்கொண்டாள்.

ஜூன் 9, வெள்ளி.

நான்காம் தடவை அதே கதை. இப்போதெல்லாம் சரியாகத் திருப்புகிறாள். சொன்னால் பிடித்துக்கொள்கிற பிள்ளை.

ஜூன் 24, சனி.

பள்ளி திறந்துவிட்டது. எல்.கே.ஜி மிஸ் எட்வினைக் கூப்பிட்டுப் பேசினாராம். பிள்ளை எந்நேரமும் பையில் ஒரு படப் புத்தகத்தோடு வருகிறாள், அதில் படிக்க ஒன்றுமில்லையே, நாலு எழுத்து இருக்கிற புத்தகமாக வாங்கிக் கொடுங்கள் என்று. எட்வின் இதை எனக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார். குரலில் 'நான் அன்றைக்கே சொன்னேன்' இருந்தது.

எங்கள் வீட்டில் நான் வளரும்போது மூன்று விதப் புத்தகம்தான். பாடம், வேதாகமம், பாட்டுப் புத்தகம். மூன்றிலிருந்தும் யாராவது பிறகு கேள்வி கேட்பார்கள். ஒரு புத்தகத்தை எடுத்தால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான். ஆன்சி மாம்பழம் தின்பதுபோல ஒரு புத்தகத்தைப் பிடிக்க வேண்டும், கையெல்லாம் வழிந்தாலும் சரி. அதற்காக ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்: 'பறந்த குடை'யில் யாரும் அவளிடம் கேள்வி கேட்கக் கூடாது. இது என்ன நிறம், ஆடு எத்தனை, ஒன்றும் கூடாது. எட்வினுக்கும் அஜிதாவுக்கும் எழுதி அனுப்பினேன்.

அஜிதா ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். அவள் ஏற்கனவே அப்படித்தான் செய்கிறாள் என்று எட்வின் சொன்னார்.

ஜூலை 1, சனி.

இன்று முழுக் கதையும் ஆன்சியே சொன்னாள். தட்டுவது மட்டும் என் வேலை. ஆட்டுக்கு 'சிந்தாமணி' என்று பெயர், பஸ் குளச்சல் போகிறது, மீன்காரி அன்றைக்குக் கொண்டுவந்தது நெத்திலி. பஸ்ஸின் நெற்றியில் குளச்சல் என்று தானே எழுதிவிட்டாளாம், பென்சிலால். மாமி எழுத்தைக் காட்டினாவ, நான் பார்த்து எழுதினேன் என்றாள். மிஸ் கேட்டால் அசந்து போவார்.

மாமி தினமும் மத்தியானமும் வாசிப்பாவ என்றும் சொன்னாள். நல்லதுதான். தையலுக்கு நடுவில் நேரம் கிடைக்கிறதே.

நல்லதுதான்.

ஜூலை 20, வியாழன்.

வார்டில் ஷம்ஸா என்று ஓர் ஓமானியக் குழந்தை. காய்ச்சல், ட்ரிப் ஏறுகிறது, ஊசி குத்தின கையை யாரையும் தொட விடமாட்டேன் என்று அலறினாள். என் அரபி 'வலிக்குதா'வோடு முடிந்துவிடும். பையிலிருந்து குடைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். எழுத்தில்லாத புத்தகத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஷம்ஸா அரபியில் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், நான் தமிழில் ஆட்டுக் குரல் கொடுத்தேன். ட்ரிப் முடிந்தது அவளுக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு குறும்பு. அந்தத் தடிமன் தாளின் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்ப ஆரம்பித்தாள். உள்ளே ஏதோ இருக்கிறது என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். கிழித்துவிடுவாள் என்று புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மகளுடையது என்று சைகையில் சொன்னேன். கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, சனி.

நான் கூப்பிடும்போது ஆன்சி தூங்கிவிட்டாள். நேற்றும் அப்படியே. கோயில் திருவிழா என்பதால் மத்தியானம் உறக்கமில்லை, சாயங்காலமே கதை கேட்டுத் தூங்கிவிட்டாள் என்றாள் அஜிதா. யாரிடம் கேட்டு என்று நான் கேட்கவில்லை.

எட்வின் திருவிழாப் படங்களை ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். ஒன்றில் ஆன்சி அஜிதாவின் இடுப்பில் இருக்கிறாள், கையில் ஐஸ், முகம் அவள் கழுத்தில். நாலரை வயதுப் பிள்ளையை இப்படி இடுப்பிலேயே வைத்திருந்தால் கால் வளைந்துவிடும். பிள்ளைகள் வார்டில் இருப்பவள் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 16, புதன்.

போனை எடுத்ததும் "மாமி" என்றாள். என்னை. பிறகு திருத்திக்கொண்டாள்.

வெறும் குரல்தானே, வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு.

என்னோடு படித்த ஸ்டெல்லா சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இருக்கிறாள். அங்கே ஹாஸ்டலுக்கு வார்டன் தேடுகிறார்களாம். தங்க இடம், சாப்பாடு, பிள்ளைகளோடு பழகுகிற வேலை. கேட்டதும் எனக்கு அஜிதா நினைவுதான் வந்தது. முப்பத்திநாலு வயதில் அண்ணன் வீட்டில் எத்தனை நாள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டு இருப்பாள்? அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? சிபாரிசு செய்தேன், ஸ்டெல்லா உடனே சரி என்றாள்.

எட்வினிடம் சொன்னபோது பிள்ளையை யார் பார்ப்பது என்றார். வேன் வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு லில்லி சேச்சி இருக்கிறாள், நீங்களும் ஒயரிங் வேலையை ஆறு மணிக்கு முடிக்கலாம் என்று எல்லாவற்றையும் நானே இங்கிருந்து ஒழுங்கு பண்ணினேன். அவர் "யோசிச்சுக்கோ விஜி" என்று மட்டும் சொன்னார். யோசித்துத்தானே சொல்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு.

அஜிதாவே கூப்பிட்டாள். அவள் என்னைத் தானாகக் கூப்பிடுவது அபூர்வம். மைனி சொன்னால் நல்லதற்குத்தான் இருக்கும், போகிறேன் என்றாள். நன்றி என்றும் சொன்னாள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"நான் பிள்ளைக்கு வாசிச்சுக் குடுக்குறது மைனிக்குப் பிடிக்கலியோ?"

அப்படி யார் சொன்னது என்று சிரித்தேன்.

"இல்ல மைனி, அந்தப் புத்தகத்துல..." என்று ஆரம்பித்தாள்.

புத்தகத்தைப் பற்றி இப்போது என்ன, உன் வாழ்க்கையைப் பார் என்றேன். வார்டில் மணி வேறு அடித்தது. சரி மைனி என்று வைத்துவிட்டாள். நல்ல காரியம் செய்தால் மனது லேசாக இருக்க வேண்டும். இரண்டு பாட்டில் ட்ரிப் மாற்றியும் லேசாகவில்லை. தூக்கம் போதவில்லை, அதுதான்.

செப்டம்பர் 24, ஞாயிறு.

அஜிதா போய்விட்டாள்.

செப்டம்பர் 30, சனி.

ஆன்சி இன்று என்னோடு நன்றாகப் பேசினாள். சோறு தின்றாள், பள்ளிக்குப் போனாள். கதை சொல்லட்டுமா என்றேன். இன்றைக்கு வேண்டாம் என்றாள். நேற்றும் இன்றைக்கு வேண்டாம்தான். புத்தகம் எங்கே என்றேன். மாமியின் தையல் மெஷினுக்கு அடியில் இருக்கிறது என்றாள். மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம்.

அக்டோபர் 14, சனி.

புதிதாக ஒரு படப் புத்தகம் வாங்கி, ஊருக்குப் போன பிந்து சேச்சியிடம் கொடுத்தனுப்பினேன். யானை, ஒட்டகம், நல்ல அழுத்தமான வண்ணம். எழுத்தும் இருக்கிறது, பெரிது பெரிதாக. எட்வின் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பார்த்தாள், மூடினாள் என்றார். எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு, "படிச்சாச்சு" என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

மிஸ்ஸுக்கு இப்போது திருப்தி. பிள்ளை நன்றாக வாசிக்கிறாளாம்.

நவம்பர் 3, வெள்ளி.

ஊரில் விடாத மழை. வேன் ரோட்டு முக்கிலேயே பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விட்டது. எட்வின் திருவனந்தபுரத்தில் ஒரு கட்டட வேலையில் இருந்தார், வர இருட்டிவிட்டது. லில்லி சேச்சி ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆன்சி பூட்டின கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. லில்லி சேச்சி வீட்டு வாசலில் சன்ஷேடு இருக்கிறது, அதற்கு அடியில் நிற்கத் தெரியாதா என்று எட்வின் கேட்டதற்கு, அங்கே நின்றால் ரோடு தெரியாது என்றிருக்கிறாள்.

காய்ச்சல் நூற்றி இரண்டு. மருந்தின் அளவை நான் போனில் சொன்னேன், அவர் ஊற்றினார். இந்தக் கையால் இன்றைக்கு எத்தனையோ பிள்ளைகளுக்கு நெற்றி துடைத்திருக்கிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு.

காய்ச்சல் விட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். கழிப்பறையில் வைத்துக் கொஞ்சம் அழுதேன். அங்கேதான் பிந்து சேச்சிக்குக் கேட்காது.

டிசம்பர் 16, சனி.

எதிர்பாராத லீவு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வேண்டிய எங்கள் வார்டு நர்ஸ் ஜின்சிக்குக் கர்ப்பத்தில் சிக்கல், பயணம் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய லீவை எனக்கு மாற்றினார்கள். அடுத்தவள் கஷ்டத்தில் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது, மன்னிக்கட்டும். பெட்டியில் முதலில் வைத்தது குடைப் புத்தகத்தைத்தான். இந்த முறை தேன் பக்கமே போகவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய். வீடு.

கட்டிப்பிடித்து அழுவாள் என்று விமானத்தில் எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். வந்திருக்கிற பெரியவர்களுக்குச் சொல்வதுபோல ஸ்தோத்திரம் சொன்னாள். உயரமாகிவிட்டாள். ஒரு பல் ஆடுகிறது, அதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

சாக்லேட் எல்லாம் கொடுத்த பிறகு, குடைப் புத்தகம் வாசிக்கலாமா என்றேன். போனில் இல்லாமல் நேரில், ஒரே புத்தகத்தில். யோசித்தாள். மெஷினுக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் படவில்லை, ஆனால் பக்கத்தில்தான்.

அவளே சொன்னாள். பஸ், சிந்தாமணி, நெத்திலி, தவளை. அந்தப் பெண் கரையில் மழையில் நிற்கிற படம் வந்தது. அதற்கு அடுத்து, பார்க்காமலே, பழகின விரலால் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் திருப்பினாள். நடுவில் பச்சையாக ஏதோ ஓடி மறைந்தது.

"மக்களே, ஒரு பக்கம் விட்டுட்டியே."

"அது உனக்குப் பிடிக்காதுல்லா," என்றாள். "நீ எப்பவும் சொல்ல மாட்டல்லா. அதனால நானும் ரெண்டையும் சேத்துத் திருப்புவேன். மாமிதான் சொன்னாவ, அம்மாவுக்குப் பிடிக்கலன்னா விட்டுருன்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருப்பிக் காட்டச் சொன்னேன். நிஜமாகவா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பினாள்.

நான் பார்த்தே இராத படம். இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு மழை. நடுவில் ஒரு பெண், கையில் பெரிய சேம்பிலையைக் குடையாகப் பிடித்திருக்கிறாள். இலை முழுக்க அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே இருக்கிறது. பெண்ணின் பாதி உடம்பு வெளியே, தோளில் புடவை நனைந்து ஒட்டியிருக்கிறது, மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது. குழந்தை நனையவில்லை. இரண்டு பேரும் நடந்து போகிறார்கள்.

இது யார் என்று கேட்டேன். என் சட்டத்தை நானே மீறினேன்.

ஆன்சி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நூறு தடவை கேட்டதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரு ராகம் வருமே, அந்த ராகத்தில்.

"இது அந்தப் பிள்ளைக்க அம்மா சொல்லிவிட்ட ஆளு. அம்மா தூரத்துல வேலையில நிக்காவ. அம்மா வந்து சேருறது வரைக்கும் எனக்க பிள்ளை நனையக்கூடாது, நீ போய் நில்லுன்னு சொல்லிவிட்டிருக்காவ. இலை அம்மாவுக்குள்ளது. இந்த மாமி சும்மா பிடிச்சிட்டு நிக்காவ, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கடைசிப் படத்தைத் திருப்பி, வாசலில் சாய்ந்திருக்கிற இலையை விரலால் தொட்டாள். நான் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 20, புதன்.

என் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தத் தடிமன் தாள் தேனில் ஒட்டிப்போன இரண்டு தாள், உள்ளே இலையின் நிழல் தெரிந்தது. ஆறு மாதமாக என் கையில் இருந்திருக்கிறது. ஓர் ஓமானியக் குழந்தை நகத்தால் கண்டுபிடித்தது, நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

புண்ணில் ஒட்டிப்போன கட்டுத்துணியை எடுப்பதுபோல, வெந்நீரில் பஞ்சை நனைத்து ஓரத்திலிருந்து பொறுமையாக ஊறவைத்தேன். இந்த வேலையில் எனக்குப் பெயர் உண்டு, என் கையில் பிள்ளைகள் அழமாட்டார்கள். பிரிந்து வந்தது. இலை முழுசாக வந்தது, குழந்தையும் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் உரிந்து எதிர்ப்பக்கத்து மழையோடு போய்விட்டது.

டிசம்பர் 22, வெள்ளி.

அஜிதாவைக் கூப்பிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வா என்றேன். ஊருக்குப் போகாத பிள்ளைகள் சிலர் ஹாஸ்டலில் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவர முடியாது மைனி என்றாள். பின்னால் பெண்பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தேன் கொட்டிய கதையைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன், எனக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது என்று. அவள் மெதுவாக, "பிள்ளை யாரு இதுன்னு கேட்டுது மைனி. எனக்கு வேற பதில் வரல்ல," என்றாள்.

திரும்பி வந்துவிடு என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், இதை யார் பார்க்கப் போகிறார்கள்.

"மைனி பாத்துத் தந்த வேலையாக்கும். சேந்து மூணு மாசம்தான் ஆவுது, எப்படி விடுறது?"

குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். இங்கே ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்கு ராத்திரியில் பயம், என்னிடம் வந்துதான் படுக்கிறது என்றும் சொன்னாள். பிறகு ஆன்சிக்குப் பல் ஆடுகிறதா, விழுந்தால் எடுத்து வையுங்கள் என்றாள். பல் ஆடுவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 25, திங்கள்.

கோயில், கேக், மாட்டிறைச்சி, விருந்தாட்கள். ஆன்சி சாயங்காலம் என் மடியில் தூங்கினாள். கால் மரத்துப்போகும்வரை அசையாமல் இருந்தேன்.

ஜனவரி 2, செவ்வாய்.

நாளை விமானம். ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. போகத்தான் வேண்டும் என்று எட்வினிடம் நான் சொன்னேன், அவர் எனக்குச் சொன்னார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். அவர் இனி வெளியூர் வேலை எடுப்பதில்லை என்றார். கேட் சாவி ஒன்றைக் கயிற்றில் கோத்து ஆன்சியின் பைக்குள் வைத்திருக்கிறார். அவள் அதைக் கழுத்தில் போட்டு அழகு பார்த்தாள்.

ஜனவரி 6, சனி. மஸ்கட்.

சாயங்காலம் கூப்பிட்டேன். கதை வாசிக்கலாமா என்று அவளே கேட்டாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் சேச்சியின் டீயைத் தட்டிவிட்டேன்.

விரலால் தட்டித் தட்டிப் போனோம். பஸ், ஆடு, சந்தை, ஆறு. மழையில் நிற்கிற படம் வந்தது. அடுத்த பக்கம் இப்போது என்னிடமும் இருக்கிறது, முகம் இல்லாவிட்டாலும். அதற்குச் சொல்ல வேண்டியதை மத்தியானம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அஜிதா சொன்ன அதே வார்த்தைகளில், அதே ராகத்தில். தட்டினேன். அங்கே தாள் திரும்புகிற சத்தம் கேட்டது. கனமாக, இரண்டு தாள் சேர்ந்து திரும்புகிற சத்தம்.

"மக்களே, அந்தப் பக்கம் இப்ப அம்மாகிட்டயும் உண்டு. திருப்பு, அம்மா சொல்லுறேன்."

"வேண்டாம்மா," என்றாள். "அந்த மாமி இப்ப இல்லல்லா."

ஆன்சி என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "நீ சொன்னதாக்கும் சரி. அந்தப் பிள்ளை தனியாவே ஓடி வந்துருச்சு. தைரியமான பிள்ளை" என்றாள்.

வாசலில் சாய்த்து வைத்திருந்த இலையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கதை முடிந்தது என்பதற்காகப் போனில் இரண்டு முறை தட்டினேன். அவளும் அங்கிருந்து தட்டினாள்.